குடிச்சிட்டுச் சும்மா கெட

அது எழுந்திருக்கக் கூடாது என்று தெய்வானை வேண்டிக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. கை பாட்டுக்குச் சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தது. எந்தச் சாமியிடம் வேண்டுகிறோம் என்றுகூட அவள் முடிவு செய்திருக்கவில்லை. பெற்ற மகள் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து ஆரம்பித்த காரியம் விளங்காமல் போகட்டும் என்று எந்தச் சாமியிடம் பேர் சொல்லிக் கேட்க முடியும்? அதனால் பொதுவாக, யார் காதில் விழுகிறதோ அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று காற்றில் விட்டிருந்தாள். மாடு கட்டுகிற கட்டுத்தரைக்கு அந்தப் பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, சிவப்பு டிராக்டர் பக்கத் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு விலா தெரிய நின்றது. வினோதினி அதன் வயிற்றுக்குள் தோள்வரைக்கும் கையை விட்டிருந்தாள். பேண்ட்டுக்கு மேல் அவள் அப்பாவின் பழைய சட்டை. தாராபுரத்திலிருந்து வந்திருந்த டீசல் மெக்கானிக் காசிம் பாய் எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து, மெல்லிய குழாய் ஒன்றின் முனையைக் கழற்றி வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். ஊதினால் உயிர் வந்துவிடுமா என்ன. வந்துவிடக் கூடாது. தெய்வானை தலையில் போட்டிருந்த ஈரத்துண்டிலிருந்து ஒரு சொட்டு கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. மழை பெய்து விட்ட பிறகு வருகிற வெயில் சும்மா வெயிலைவிட மோசம், மண்ணிலிருந்தும் எழுந்து வந்து அடிக்கிறது. கண் எரிந்தது. வெங்காயம்தான் என்று யாரும் கேட்காமலேயே தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் புருஷன் சென்னியப்பனைக் கீழே தள்ளி, அவன் மேலேயே படுத்த வண்டி அது. அன்றைக்கு வினோ ஒன்பதாம் வகுப்பு. இன்றைக்குப் பாலிடெக்னிக் முடித்து, கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, அது பிடிக்காமல், "காட்டை நானே பாத்துக்கறேன்" என்று வந்து நிற்கிற பெரிய மனுஷி. நடுவில் இத்தனை வருஷமும் அந்த வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, அது நிற்கிறவரைக்கும் தெய்வானைக்கும் ஒருவிதத்தில் தூக்கம் வந்தது.

"ஒருதரம் அடி கண்ணு. செல்ஃபு சுத்துதான்னு மட்டும் பாப்போம்" என்றார் காசிம் பாய். வினோ மேலே ஏறி உட்கார்ந்தாள். அதைப் பார்க்கத்தான் தெய்வானைக்கு முடியவில்லை, அந்த ஏறுகிற விதம், இடது காலை வைத்து, கம்பியைப் பிடித்து, ஒரு சுழற்று சுழன்று உட்கார்வது. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அப்படியே அப்பன். சீட்டு புதிது, வினோ வாங்கிப் போட்டது. ஸ்டீரிங் பழையதுதான். அது ஒரு பக்கம் உள்வாங்கி வளைந்திருக்கும், அன்றைக்குத் தரையில் மோதியதில் வளைந்தது, கிரேன்காரன் தூக்கி நிறுத்தியபோதே எல்லோரும் பார்த்தார்கள். "அதையாச்சும் மாத்தீரு சாமி" என்று போன வாரம் தெய்வானை கெஞ்சியதற்கு, "நல்லாத்தாம்மா இருக்குது, கைக்கு வாட்டமா" என்றாள் இவள். கைக்கு வாட்டமாம். வளைந்தது எதனால் என்று தெரியாதா இவளுக்கு, தெரியும், தெரிந்தேதான் அந்த வளைவிலேயே கையை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பேட்டரி ஒயர் பக்கம் ஒரு பொறி. வண்டிக்குள் எங்கோ கனமான எதுவோ புரண்டு படுத்த மாதிரி ஓர் உறுமல், அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி அடித்தாள். உறுமல். ஒன்றுமில்லை. அந்தச் சந்தோஷத்தில் தெய்வானை வெங்காயத்தோடு தோலையும் சேர்த்து வட்டலில் போட்டாள். "எஞ்சின் சுத்துதுங்க்கா!" என்று காசிம் பாய் அவளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், அவளுக்கு நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டு. "உள்ள இறுகிப் புடிச்சிருக்கும்னு பயந்துட்டே வந்தேன். ஒண்ணும் புடிக்கல. டீசல் லைன்ல காத்து நிக்குது, அவ்வளவுதான். காத்த எடுத்துட்டா எந்திரிச்சுக்கும்." தெய்வானை சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். எந்திரிச்சுக்கும். படுத்த மாட்டைச் சொல்வது போலச் சொல்கிறார் மனுஷர். படுத்த மாடு எழுந்தால் பால் கொடுக்கும்.

சத்தம்தான் அவளுக்குப் பயம். வண்டியைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிவிட்டது, கோழி ஏறி உட்காருகிறது, மட்கார்டில் மிளகாய்கூட காயப் போட்டிருக்கிறாள். ஆனால் சத்தம் வேறு. அன்றைக்கு அவன் கிழக்காட்டில் வெட்டிய பனைகளின் தூரைப் பிடுங்கப் போயிருந்தான். சங்கிலியைத் தூரில் மாட்டி வண்டியை விட்டு இழுத்தால் வந்துவிடும் என்றான், இரண்டு தூர் வந்தும் இருந்தது. சாயங்காலம். அவள் இந்த வீட்டில், இதோ இந்தச் சமையல்கட்டில் நின்றுகொண்டு, அவனுக்கு மேலுக்கு ஊற்றிக்கொள்ளத் தண்ணீர் காயவைத்தாள். காட்டிலிருந்து வண்டிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது, ஏறவுமில்லாமல் இறங்கவுமில்லாமல், ஒரே சீராக. சத்தம் வருகிறவரைக்கும் ஆள் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் கணக்கு, சத்தம் நின்றால் சோற்றை எடுத்து வைக்கலாம், சத்தம் வந்தால் இன்னும் நேரமிருக்கிறது. தண்ணீர் கொதித்தது. இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது, அப்படி என்ன வேலை, பொழுது போன பிறகும், பனந்தூர் நாளைக்கு ஓடிவிடுமா என்று தனக்குள் திட்டினாள், வாய்விட்டே திட்டினாள், வினோ வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா தனியாப் பேசற" என்றாள். அப்புறம் காட்டுப் பாதையில், இட்டேரியில், ஆள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. தூர் அசையவில்லை, வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு எழுந்து பின்னாலேயே மல்லாந்து சரிந்துவிட்டது என்றார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் போய்ப் பார்த்தபோது அது ஒருக்களித்துக் கிடந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சக்கரம் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சீரான சத்தம், அவள் தண்ணீர் காயவைத்ததும் கோபப்பட்டதும் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம், அவன் கீழே கிடந்த நேரமெல்லாம் அவளிடம் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பொய் சொன்ன மனுஷனை மன்னிக்கலாம், இப்படிப் பொய் சொன்ன இரும்பை என்ன செய்வது. வினோவிடம் ஒருதரம் பாதி சொல்ல வாயெடுத்தாள். "இரும்பும்மா அது, அதுக்கு என்ன தெரியும்" என்றாள் மகள். அதுக்கு என்ன தெரியும் என்று உனக்கு என்ன தெரியும் என்று கேட்க நினைத்து, கேட்காமல், கோழிக்குத் தவிடு போடப் போய்விட்டாள்.

விற்றிருக்கலாம். புருஷனின் அண்ணன், மச்சாண்டார், சொன்னார், அக்கம்பக்கம் சொன்னது. ஆளை முழுங்கின வண்டி என்று தெரிந்தவர்கள் வாங்கமாட்டார்கள், தெரியாதவர்கள் தலையில் கட்டலாம். கட்டினால் அங்கே யார் மேல் படுக்குமோ, அங்கே எவள் தண்ணீர் காயவைத்துக்கொண்டு நிற்பாளோ. இங்கேயே, தன் கண் முன்னாலேயே நிற்பதுதான் சரி என்று நிறுத்திவிட்டாள். நிறுத்தினால் போதுமா, அதையும் சமாதானப்படுத்தி வைக்க வேண்டாமா. கோபக்காரச் சாமியை ஊருக்கு வெளியே நிறுத்தினாலும் வருஷத்துக்கொருதரம் கவனித்துவிட்டு வருவதில்லையா. அதனால் ஆயுதபூசை அன்றைக்கு எல்லோரும் கடப்பாரைக்கும் கதிரறுவாளுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருக்க, தெய்வானை மட்டும் ஒரு கரண்டி நல்லெண்ணெயோடு தகரக் கூரைக்குப் போவாள். வண்டியின் முதுகில் இரண்டு குழாய் நிமிர்ந்து நிற்கும். ஒன்று புகை போகிறது. இன்னொன்றுக்குத் தலையில் குடை மாதிரி ஒரு மூடி உண்டு. அதுதான் வாய் என்று அவள் முடிவு செய்திருந்தாள், மூடி போட்டு வைத்திருக்கிறது என்றால் வாயாகத்தான் இருக்க வேண்டும். முன் அச்சில் கால் வைத்து ஏறி, மூடியைத் திருகிக் கழற்றி, எண்ணெயை உள்ளே விட்டு, "குடிச்சிட்டுச் சும்மா கெட" என்று சொல்லிவிட்டு இறங்குவாள். அதற்கு மேல் மந்திரம் அவளுக்குத் தெரியாது. அதுவும் குடித்துவிட்டுச் சும்மாதான் கிடந்தது. இந்த வருஷ ஆயுதபூசைக்கும் ஊற்றினாள். பூசை முடிந்த கையோடு வினோ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து கழற்ற ஆரம்பித்தாள். அந்தக் குழாய்க்கு அடியில் இருந்த கிண்ணத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்து, "ஏம்மா, பலகாரக் கடை வாசம் அடிக்குது? பிசின் மாதிரி என்னமோ ஒட்டிக் கெடக்குது" என்று சிரித்தாள். தெய்வானை காது கேளாதவள் மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டாள். பெண் அந்தக் கிண்ணத்தை டீசலில் ஊறப்போட்டு, தேய்த்து, பளபளவென்று கழுவி, புது ஆயில் ஊற்றி மாட்டினாள். அன்றிரவு தெய்வானைக்கு உறக்கமில்லை. இத்தனை வருஷம் ஊட்டியதையெல்லாம் கழுவிவிட்டாளே. வெறும் வயிற்றோடு எழுந்தால் அதற்கு எவ்வளவு பசி இருக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு முந்தாநாள் விடிகாலையில், வினோ எழுவதற்கு முன்னால், தலைக்கு வைக்கிற செக்கு நல்லெண்ணெய் ஒரு பாட்டில், திறக்காத புது பாட்டில், முழுசாக அதன் வாயில் கவிழ்த்துவிட்டு வந்தாள். குடிச்சிட்டுச் சும்மா கெட. குடிச்சிட்டுச் சும்மா கெட சாமி.

"ஏர் கிளீனர் பாத்துட்டயா கண்ணு?" காசிம் பாய் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "பாத்துட்டனுங்க. கழுவிப் புது ஆயில் மார்க் வரைக்கும் ஊத்தியிருக்கறனுங்க" என்றாள் வினோ. மார்க் வரைக்கும். தெய்வானையின் விரல் வெங்காயத்தில் நின்றுவிட்டது. ஏர் கிளீனர் என்பது அந்தக் குடை வைத்த குழாய்தானா, இல்லை அதற்குப் பக்கத்தில் இருக்கிற வேறு ஏதாவதா. கழுவிப் புது ஆயில் என்றால் அதுதான். மார்க் வரைக்கும் என்றால் மார்க்குக்கு மேலே போனால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது, எண்ணெய்தானே, மண்ணா போட்டோம். மண்ணைப் போட்டிருந்தால் கெட்டுப்போகும், எண்ணெய் நல்லதுதானே, மனுஷனுக்கே நல்லது. கெட்டுப்போனாலும்தான் என்ன, அதைத்தானே காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இல்லை, அதைக் கேட்கவில்லை, கெடுக்க வேண்டும் என்று அவள் ஊற்றவில்லை, சும்மா இருக்கட்டும் என்று ஊற்றினாள், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இருக்கிறதா? சொல்லிவிடலாம். "பாய், நான் ஒரு பாட்டில் எண்ணெய் ஊத்திட்டனுங்க" என்று ஒரு வார்த்தை. அவர் சிரிப்பார். சிரித்தால் பரவாயில்லை. வினோ சிரிக்கமாட்டாள். அவள் நிமிர்ந்து பார்ப்பாள், அப்பன் மாதிரியே புருவம் இரண்டையும் சேர்த்து, அப்ப நான் ஓட்டறது உனக்கு இஷ்டமில்லயாம்மா என்பாள், நேராகக் கேட்டுவிடுவாள், அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாள் இவள்? இஷ்டமில்லை என்றால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை? சொல்ல முடியாது. மழை பெய்து ஈரம் நிற்கிறது. சோளம் விதைக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் உழவு வேண்டும், வாடகை டிராக்டர்காரர்கள் 'நாளைக்குங்க, நாளைக்குங்க' என்று போனையே எடுப்பதில்லை, பொம்பளை வீடு என்றால் எப்போதும் கடைசி. போன வருஷம் ஈரம் காய்ந்த பிறகு வந்து உழுதுவிட்டுப் போனான் ஒருத்தன், விதைத்தது முளைக்கவில்லை, மாட்டுக்குப் போடச் சோளத்தட்டு இல்லை. வினோ அந்தக் காய்ந்த காட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பு தெய்வானைக்குத் தெரியும். அன்றைக்கே அவள் இந்தத் தகரக் கூரையைத் திரும்பிப் பார்த்துவிட்டாள். அதனால் சொல்லவில்லை. வெங்காயத்தை எடுத்து உரித்தாள், அது ஏற்கெனவே உரித்த வெங்காயம்.

"இப்ப அடி!" இந்தத் தடவை வண்டி இருமியது. ஒரு வெள்ளைப் புகை, கெட்டியாக, தகரத்தில் மோதிப் பரவியது. மறுபடி இருமியது. கோழிகள் கலைந்து ஓடின. நின்றுவிட்டது. "வருது வருது, உட்றாத!" என்று காசிம் பாய் குதித்தார், வினோவுக்கு முகமெல்லாம் பல். டீசல் வாசம் வந்து தெய்வானையின் மூக்கில் ஏறியது, அதுகூடவே அவனும் வந்தான், செத்தவன் அல்ல, அதற்கும் முந்தினவன், கல்யாணமான புதிதில் இந்த வண்டியைப் பழையதாக வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினவன். ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. அவன் பெருமையாக ஆயில் எல்லாம் மாற்றி வண்டியைக் கிளப்பினான், கிளம்பியது, கிளம்பியது நிற்கவில்லை. அது பாட்டுக்கு வேகம் ஏறிக் கத்த ஆரம்பித்தது, ஸ்டாப் கம்பியை இழுத்தால் கம்பிதான் கையோடு வந்தது, வேடிக்கை பார்த்தவர்கள் வேலி தாண்டினார்கள். இவன் என்ன செய்தான், கட்டியிருந்த வேட்டியை உருவி, சுருட்டி, அந்தக் குழாயின் வாயில் திணித்து மேலே படுத்துக்கொண்டான். வண்டி விக்கியது, குலுங்கியது, நின்றது. மாமனார் மாமியார், பங்காளிகள், புதுப் பெண்டாட்டி எல்லோரும் பார்க்க, கோடுபோட்ட டிரவுசரோடு நின்றான். "மூக்கப் பொத்துனா எதா இருந்தாலும் அடங்கிரும்" என்று சொல்லிவிட்டு வேறு சிரித்தான். ராத்திரி அவளிடம் அது ஏன் அப்படிக் கத்தியது என்று காரணம் விளக்கினான். அவள் அந்தக் கோடுபோட்ட டிரவுசரை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்ததில் காரணம் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தால் என்ன, அதைத் தெரிந்து இப்போது என்ன செய்யப் போகிறோம். அந்தச் சிரிப்பு இப்போதும் வாய் ஓரத்துக்கு வந்தது, வந்ததற்காக அவளுக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது. அழ வேண்டிய வண்டியைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அப்போது அது எழுந்துகொண்டது. இருமி, முக்கி, ஒரு கணம் யோசித்து, பிடித்துக்கொண்டது. டபடபடபவென்று, ஒரே சீராக, அதே சத்தம், துளி மாறவில்லை, மண்ணுக்குள் புதைத்து வைத்து எடுத்த மாதிரி அப்படியே இருந்தது. தெய்வானையின் கால் சமையல்கட்டுப் பக்கம் திரும்பியது. அவள் திருப்பவில்லை. தண்ணீர் காயவைக்க வேண்டும் என்று அந்தக் காலுக்கு இன்னும் ஞாபகம் இருந்திருக்கிறது. எழுந்து இரண்டடி வைத்தும்விட்டாள், வட்டலிலிருந்து வெங்காயம் சிதறியது. வினோ மேலே உட்கார்ந்து இரண்டு கையையும் உயர்த்தி ஏதோ கத்தினாள், சந்தோஷத்தில் என்ன கத்தினாளோ. காசிம் பாய் துணியில் கையைத் துடைத்தார். அவ்வளவுதான், முடிந்தது, வேண்டிக்கொண்டது எதுவும் யார் காதிலும் விழவில்லை, இனிமேல் தினமும் இந்தச் சத்தம் வரும், கிழக்காட்டிலிருந்து வரும், அவள் இங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், சத்தம் வருகிறது நல்லாயிருக்கிறாள், சத்தம் வருகிறது நல்லாயிருக்கிறாள், ஒவ்வொரு நாளும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா, போனால் மகள் என்ன நினைப்பாள், போகாவிட்டால் தண்ணீர் கொதிக்கும். சத்தம் கொஞ்சம் ஏறிய மாதிரி இருந்தது. மகள்தான் ஆக்சிலேட்டரைத் தள்ளுகிறாள் என்று நினைத்தாள். இன்னும் ஏறியது. வினோவின் கை கீழே வந்துவிட்டது, முகத்தில் பல் இல்லை. "கொறச்சிரு கண்ணு!" "கொறச்சுத்தாங்க வெச்சிருக்கறேன்!" "ஸ்டாப்ப இழு! ஸ்டாப்ப இழு!" வினோ இழுத்தாள். நிற்கவில்லை. காசிம் பாய் பாய்ந்து டீசல் குழாயை அடைத்தார். நிற்கவில்லை. அதற்கு டீசலே வேண்டியிருக்கவில்லை, வேறு எதையோ குடித்துக்கொண்டு அது கத்தியது, டபடப என்கிற எழுத்தெல்லாம் போய் ஒரே ஊளையாக, தகரம் அதிர, புகை கறுத்து நீலமாகி, அந்தப் புகைக்குள் பலகாரக் கடை வாசம். "எறங்கு! எறங்கி ஓடு, வெடிச்சுரும்!" என்று காசிம் பாய் கத்தினார், அந்தக் குழாயின் வாயை மூட ஏதாவது பலகையைத் தேடிக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார். வினோ இறங்கவில்லை. வளைந்த ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உறைந்து உட்கார்ந்திருந்தாள், ஒன்பதாம் வகுப்பு வினோ, வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தவள். தெய்வானை எப்போது ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. கால் சமையல்கட்டுக்குப் போகவில்லை, அது மட்டும் தெரியும். முன் அச்சில் கால் தானாக ஏறியது, மூடி கைக்குப் பழகின மூடி, ஒரே திருகில் வந்தது, தலையிலிருந்த ஈரத்துண்டைச் சுருட்டி அதன் வாயில் வைத்தாள். அது இழுத்தது. துண்டோடு அவள் கையையும் சேர்த்து இழுத்தது, என்ன பலம், கன்றுக்குட்டி வாயில் விரல் கொடுத்த மாதிரி உள்ளே இழுத்தது. கக்கத்தில் இடுக்கியிருந்த வட்டலை அதன் மேல் கவிழ்த்து நெஞ்சால் அழுத்திப் படுத்துக்கொண்டாள். அவளுக்கடியில் அது குலுங்கியது, விக்கியது, பல் எல்லாம் ஆடியது அவளுக்கு, சும்மா கெட, சும்மா கெட, சும்மா கெட என்று கத்துவது தன் குரல்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, ஏனென்றால் அப்போது வேறு சத்தம் எதுவும் இல்லை.

கோழி ஒன்று எங்கேயோ கொக்கரித்தது. காசிம் பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, அந்தக் கிண்ணத்தைத் தட்டிக் கழற்றினார், விளிம்பு வரைக்கும் இருந்ததில் கொஞ்சம் அவர் முழங்காலில் சிந்தியது. விரலால் தொட்டு முகர்ந்தார். நிமிர்ந்து தெய்வானையைப் பார்த்தார். "என்னக்கா இது, நல்லெண்ணெயா? மேல ஏறி எஞ்சினுக்கே போயிருச்சு. டீசல அடைச்சும் இதக் குடிச்சுத்தான் ஓடியிருக்குது." "நாந்தான் ஊத்துனனுங்க" என்றாள் தெய்வானை. இன்னும் குழாய் மேல்தான் படுத்திருந்தாள். வட்டல் நெஞ்சில் பதிந்து வலித்தது. "எதுக்கும்மா?" என்றாள் வினோ. குரல் மேலே சீட்டிலிருந்து வந்தது, ரொம்பச் சின்னக் குரல். "சும்மா கெடக்கட்டும்னு." வினோ சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை, உதடு கோணியது. "எறங்கவே வரலம்மா. காலு வரல. அவரு ஓடுன்னு கத்தறாரு, எனக்கு காலு வரல" என்றாள். தெய்வானை இறங்கிப் போய் மகளின் முழங்காலில் கையை வைத்தாள். "வேண்டாம்மா. உட்டர்லாம். பாய், மூடிப்போடுங்க, வேண்டாம். உனக்குப் புடிக்கலீன்னா வேண்டாம்மா" என்றாள் மகள்.

காலையிலிருந்து கேட்டது கிடைத்துவிட்டது. காற்றில் விட்டது யார் காதிலோ விழுந்துவிட்டது, கேட்ட வார்த்தையை மகள் வாயிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்டு போய்ச் சாம்பாரைத் தாளிக்கலாம். தெய்வானை திரும்பி வண்டியைப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் வைத்தது வைத்த மாதிரி இருந்தது. குழாயின் வாயில் அவள் துண்டு பாதி உள்ளே போய், பாதி வெளியே தொங்கியது. எத்தனை பெரிய உடம்பு, மூச்சுவிட ஓட்டை ஒன்றே ஒன்றுதான். அவள் உள்ளங்கையில் அந்த இழுப்பு இன்னும் இருந்தது, மூச்சுதான் அது, மூச்சை எடுக்கப் பார்த்தது, முடியவில்லை, அடங்கிவிட்டது. அன்றைக்கு அவள் இங்கே சமையல்கட்டில் நின்றாள், அது அங்கே காட்டில் ஓடியது, அவள் காதுக்கும் அதற்கும் நடுவில் அத்தனை காடு கிடந்தது. அதுதான் தப்பு. அவன் சொன்னது சரி, மூக்கைப் பொத்தினால் அடங்கும், ஆனால் பொத்துகிற தூரத்தில் ஆள் வேண்டும். பயம் போய்விட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தாள். போகவில்லை. முழுசாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

"கழுவுங்க பாய். சுத்தமா, ஒரு பொட்டு எண்ணெ இல்லாம கழுவுங்க. மார்க் வரைக்கும் ஊத்துங்க" என்றாள். காசிம் பாய் வினோவைப் பார்த்தார். வினோ அம்மாவைப் பார்த்தாள், புருவம் இரண்டையும் சேர்த்து. "இன்னைக்கு வேண்டாம்மா." "இன்னைக்குத்தான். ஈரம் உனக்காக நிக்குமா." சிதறிக் கிடந்த வெங்காயத்தைக் கோழி கொத்திக்கொண்டிருந்தது, அதைக்கூட விரட்டத் தோன்றவில்லை அவளுக்கு. "காட்டுக்கும் வருவேன். வரப்புல நிப்பேன். நீ ஓட்டு, நான் பாத்துட்டே நிப்பேன், கூச்சமா இருந்தா கண்ண மூடிக்க." "மட்கார்டுலயே உக்காந்துக்கம்மா" என்றாள் வினோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அங்கெல்லாம் முடியாது, அங்க மொளகா காயுது" என்றாள் தெய்வானை. காசிம் பாய் கிண்ணத்தைக் கழுவினார், துடைத்தார், வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார், உள்ளே ஏறியிருந்த எண்ணெயையும் துடைத்து எடுத்தார், ஆயிலை அளந்து ஊற்றி மாட்டினார். முடிகிறவரைக்கும் தெய்வானை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு குழாயிலிருந்து துண்டை உருவி, வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, நாலாக மடித்தாள். முன் அச்சில் கால் வைத்து ஏறி, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

"ம், அடி" என்றாள்.